ஈய நூல்களின் சிற்பி

பார்வைக் கலைஞர்களின் வாசிப்பைப் பற்றி எழுதுவோர், கலைஞர் படித்த கவிதையையோ கதையையோ தம் படைப்பில் உருவமாக்கிக் காட்டுகிறார் என்று சொல்லி அமைந்துவிடுவது வழக்கம். நூலுக்குப் படம் வரைபவருக்கு அது பொருந்தலாம்; ஆனால், மரத்தையும் உலோகத்தையும் போல வாசிப்பையும் தன் மூலப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்ட சிற்பிக்கு அது பொருந்தாது என்பதற்கு, ஜெர்மானியக் கலைஞர் அன்செல்ம் கீஃபரின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த படைப்பு வாழ்வு சான்றாக உள்ளது. ஓவியராகவும் சிற்பியாகவும் ஒருங்கே அறியப்படும் அவர், தாம் படித்த நூல்களை விளக்குவதில்லை, அவற்றோடு வழக்காடுகிறார்.

கீஃபர் 1945 மார்ச் மாதத்தில், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், தென்மேற்கு ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் நாஜிக் காலத்துக் குற்றங்களைப் பற்றி வீடுகளும் பள்ளிகளும் பேசத் தயங்கிய நிலையில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் முதலில் சட்டத்தையும், இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளையும் பயின்று, பின்னரே கலைக் கல்விக்கு மாறினார். மொழியையும் வழக்கையும் அறியத் தொடங்கிய ஒருவர் கலைக்கு வந்ததன் தடயம் 1969ஆம் ஆண்டுப் படைப்புகளிலேயே தென்படுகிறது. அவ்வாண்டில் அவர் ஐரோப்பாவின் பல இடங்களில் நாஜி வணக்க முறையில் கையுயர்த்தி நின்று, தம்மையே படம் எடுக்கச் செய்தார். பேசாமல் மறைக்கப்பட்டதைக் கண்முன் நிறுத்துவதே அச்செயலின் நோக்கம் என்றாலும் அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதே ஆண்டில்தான் ஒளிப்படங்களையும் பிற பொருள்களையும் ஒட்டித் தைத்த, ஒற்றைப்படி மட்டுமே உள்ள கைந்நூல்களையும் அவர் செய்யத் தொடங்கினார்.

அவருடைய வாசிப்பின் மையத்தில் இருப்பவர் கவிஞர் பால் செலான். 1920இல் செர்னோவிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை நாஜிக் காலத்து முகாம்களில் இழந்த செலான், தம் தாயைக் கொன்றவர்களின் மொழியாகவும் இருந்த ஜெர்மனிலேயே இறுதிவரை எழுதினார். வதை முகாமைப் பாடும் அவருடைய புகழ்பெற்ற ‘மரண ஃபியூக்’ கவிதையில் பொன்முடி கொண்ட ஜெர்மானியப் பெண் மார்கரெட்டும் சாம்பல்முடி கொண்ட யூதப் பெண் சூலமித்தும் எதிரெதிராக வருகின்றனர். ஃபியூக் என்பது ஒரே இசைக்கூறு பல குரல்களில் ஒன்றையொன்று துரத்தி வரும் மேற்கத்திய இசை வடிவம். 1981இல் கீஃபர் செய்த ‘மார்கரெட்’ படைப்பில் பெண்ணுருவம் இல்லை. துணிப்பரப்பின்மீது ஒட்டிய வைக்கோலே முடியாகிறது. 1983இல் செய்த ‘சூலமித்’ படைப்பிலும் உருவம் இல்லை. ஜெர்மானியப் படைவீரர்களைப் போற்றுவதற்காக நாஜிக் காலக் கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் கிரைஸ் வடிவமைத்த மண்டபம், கரியேறிய சூளைபோலக் காட்டப்பட்டு, அதன் கடைக்கோடியில் சிறு தீச்சுடர்கள் எரிகின்றன. கொன்றவர்களின் பெருமைக்கென வரையப்பட்ட மண்டபம் கொல்லப்பட்டவளின் நினைவிடமாக மாற்றப்படுவதைக் கவிதை சொல்லவில்லை. அது வாசித்தவர் கவிதைக்கு அளித்த மறுமொழி.

இந்த மறுமொழிக்கு ஏற்ற உலோகமாகக் கீஃபர் ஈயத்தைக் கண்டார். 1980களின் நடுவில், கொலோன் பேராலயத்தின் கூரை புதுப்பிக்கப்பட்டபோது கழற்றப்பட்ட பழைய ஈயத் தகடுகளை அவர் விலைக்கு வாங்கினார். 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் மென்மையும், கதிர்வீச்சையும் தடுத்து நிறுத்தும் அடர்த்தியும் கொண்ட இவ்வுலோகத்தை, தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க முயன்ற ஐரோப்பிய இரசவாதிகள் தம் வேலையின் தொடக்கப் பொருளாகக் கருதினர். 1985 முதல் 1989 வரை அவர் உருவாக்கிய ‘இருநதி நாடு’ என்னும் சிற்பத்தில், டைகிரிஸ், யூப்ரடீஸ் என்று பெயரிட்ட இரண்டு எஃகு அலமாரிகளில் ஏறத்தாழ 200 ஈய நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. எழுத்து முதன்முதலில் தோன்றிய நிலங்களுள் ஒன்றான மெசபொட்டேமியாவை நினைவூட்டும் அந்நூலகம் இப்போது ஆஸ்லோ நகரின் ஆஸ்ட்ரூப் ஃபியர்ன்லி அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நூல்களை ஒருவர் தனியாக எடுத்துப் பிரித்துவிட முடியாது. அறிவு சேமிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதை அடைய உடலுழைப்பு வேண்டும் என்னும் கருத்தைப் பொருளின் எடையே சொல்லிவிடுவதால், தனி விளக்கம் தேவைப்படுவதில்லை.

செலானுக்கு அடுத்து அவரை ஆழமாகப் பாதித்தது கபாலா எனப்படும் யூத மறைஞான மரபு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசக் லூரியாவின் போதனைப்படி, படைப்பின் தொடக்கத்தில் இறையொளியைத் தாங்க மாட்டாமல் கலங்கள் உடைந்தன. சிதறிய ஒளித்துணுக்குகளை ஒன்றுசேர்ப்பதே மனிதரின் கடமை. செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘கலங்களின் உடைவு’ சிற்பத்தில் ஈய நூல்களின் அடுக்கும் தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளும் அக்கதையைச் சுமக்கின்றன. யூதக் கடைகளும் வழிபாட்டிடங்களும் உடைக்கப்பட்ட 1938 நவம்பர் இரவையும் அக்கண்ணாடி நினைவூட்டுவதால், தொன்மமும் வரலாறும் ஒரே பொருளில் சந்திக்கின்றன. மிலானில் பிரெல்லி ஹாங்கர்பிகோக்கா அரங்கில் 2004 முதல் நிற்கும் ‘ஏழு விண் மாளிகைகள்’ தொகுதியிலோ, 14 முதல் 18 மீட்டர் வரை உயரமுள்ள கான்கிரீட் கோபுரங்களின் தளங்களுக்கிடையே ஈய நூல்கள் ஆப்புகளாகச் செருகப்பட்டுள்ளன. சாயும் கட்டடத்துக்கு நூல் முட்டுக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் அவருடைய நம்பிக்கையும் ஐயமும் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

அழிவைப் படைப்பின் பகுதியாகக் கொள்வது கீஃபரின் அடிப்படை நோக்கு. முடிந்ததாகத் தோன்றும் படைப்பை வெயிலிலும் மழையிலும் கிடத்துவது, தீயிட்டுக் கருக்குவது, ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துத் திருத்துவது ஆகியவை அவருடைய வழக்கமான செய்முறைகள். தென்பிரான்சின் பார்ஜாக்கில் ஒரு பழைய பட்டு ஆலையை மையமாகக் கொண்டு அவர் எழுப்பிய கோபுரங்களும் சுரங்கப் பாதைகளும் 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. கொலேஜ் து பிரான்ஸ் என்னும் பாரிஸ் உயர்கல்வி நிறுவனத்தில் 2010இல் தொடங்கிய உரைத்தொடருக்கு, கலை தன் இடிபாடுகளையும் கடந்து பிழைக்கும் என்னும் பொருளில் அவர் தலைப்பிட்டார். வாசிப்பும் கைவேலையும் ஒன்றையொன்று ஊடுருவும் அவருடைய 1998–99 நாட்குறிப்புகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம்.

ஜெர்மானியப் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு 2008இல் கீஃபருக்கு வழங்கப்பட்டது. எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் பெற்றுவந்த அப்பரிசைப் பெற்ற முதல் பார்வைக் கலைஞர் அவரே. எனினும் அவருடைய படைப்புகள் அளவுக்கு மீறிப் பிரம்மாண்டமானவை என்றும், கவிஞர்களின் பெயர்களைப் பரப்பின்மீது எழுதிவிடுவதாலேயே ஆழம் வந்துவிடாது என்றும் கூறும் விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சில பிற்காலப் படைப்புகளில் பெயர் மட்டும் மிஞ்சி, அதற்கு ஈடான பொருள் மாற்றம் நிகழாமல் போவதும் உண்டு. ஆனால் வைக்கோலும் ஈயமும் உடைந்த கண்ணாடியும் கவிதையை எதிர்கொண்டு தம் இயல்பைக் காட்டும் இடங்களில், அப்பெயர்களை அறியாத பார்வையாளரும் அவற்றின் சுமையை உணர்கிறார். ஒரு சிற்பியின் வாசிப்பை மதிப்பிடுவதற்கு அவர் எத்தனை நூல்களைப் படித்தார் என்பது அளவுகோல் ஆகாது. படித்தது அவர் கையிலுள்ள பொருளை என்ன செய்தது என்பதே அளவுகோல்.