துடிக்கும்போதே பார்க்க வேண்டும்

வியாழக்கிழமை என்றால் விவேக் நகருக்குள் ஆட்டோக்காரர்கள் வரத் தயங்குவார்கள். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம் அப்படி. மெழுகுவர்த்தியும் பூவுமாக வரிசையில் நிற்பவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. நெற்றியில் குங்குமத்தோடு வருபவர்களும் ஏராளம். ஆலயத்திலிருந்து சில குறுக்குத் தெருக்கள் தள்ளி இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் அன்றுதான் பெண்கள் அதிகம் வருவார்கள். "கோயிலுக்குப் போறேன்னு சொன்னா வீட்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட போறேன்னா ஆயிரம் கேள்வி" என்கிறார், அங்கே இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வேலை பார்க்கும் பெண்மணி. கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்த கையோடு பெங்களூர் வந்தவர். நீலசந்திரா, ஈஜிபுரா பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அவர் 'அக்கா'.

அவர்கள் சொல்ல வருவது எளிதில் வாயில் வராத விஷயம். வெள்ளைப்படுதல், அரிப்பு, சிறுநீர் போகும்போது எரிச்சல், துணியில் வாடை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பூஞ்சையாக இருக்கலாம், பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஒரே ஒரு செல்லால் ஆன உயிர் அது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக 15.6 கோடிப் பேருக்கு இது தொற்றியிருக்கிறது. மாத்திரையில் குணமாகக்கூடியது. ஆனால் முதலில் அது இருப்பது தெரிய வேண்டுமே.

தெரிந்துகொள்ளும் வழி ஒரு காலத்தில் அந்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் ஒரு திரைச்சீலை தூரத்தில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் லேடி டாக்டரின் அறை. இந்தப் பக்கம் மைக்ராஸ்கோப். டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியில் எடுத்துக் கொடுப்பதை அக்கா கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி உடனே பார்ப்பார். செதில் செதிலாகத் தோல் செல்கள், உருண்டை உருண்டையாக வெள்ளணுக்கள். அவற்றுக்கு நடுவே பேரிக்காய் வடிவத்தில் ஒன்று மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு போகும். சவுக்கு மாதிரி இழைகளை வீசித்தான் அது நகர்கிறது. அந்தத் துடிப்புதான் அடையாளம். "அசையாம நின்னுட்டா அதுவும் ஒரு வெள்ளணு மாதிரிதான் தெரியும். யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்கிறார் அவர்.

1836-இல் பாரிஸில் ஆல்ஃப்ரட் டோனே என்ற மருத்துவர் இந்த உயிரை முதன்முதலில் கண்டதும் இப்படித்தான், எடுத்த உடனே லென்ஸுக்கடியில் வைத்துப் பார்த்து. கிட்டத்தட்ட இருநூறு வருஷமாகியும் உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் முறை மாறவில்லை. முறையின் பலவீனமும் மாறவில்லை. கை தேர்ந்தவர் உடனே பார்த்தாலும்கூட இருக்கும் கிருமியில் ஏறக்குறைய பாதியைத்தான் இது காட்டிக்கொடுக்கும். நல்ல கணக்கில் மூன்றில் இரண்டு. பத்து நிமிடம் தாண்டினால் துடிப்பு குறையத் தொடங்கும். ஒரு மணி நேரம் ஆனால் கண்டுபிடிக்கும் திறன் 20 சதவீதம் வரை விழுந்துவிடும். தகடு குளிர்ந்தாலும் அசைவு மந்தமாகும். பெங்களூரின் டிசம்பர் காலையில் அக்கா உப்புநீர் பாட்டிலை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டுத்தான் சொட்டு விடுவாராம்.

இப்போது அந்த மைக்ராஸ்கோப் அங்கே இல்லை. டாக்டர் வயதாகி மகனோடு போய்விட்டார். நிலையம் ஒரு பெரிய ஆய்வகத்தின் 'சாம்பிள் சேகரிப்பு மைய'மாகிவிட்டது. குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள், ரசீது கம்ப்யூட்டரில் வருகிறது. ரத்தச் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இந்த ஏற்பாடு நல்லதுதான், மறுக்க முடியாது. ஆனால் மோட்டார் சைக்கிள் பையன் பெட்டியில் அடுக்கி, நகரின் டிராஃபிக்கைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் டிரைக்கோமோனாஸ் துடிப்பதை நிறுத்திவிடும். சாயந்திரம் ரிப்போர்ட் வரும்: 'காணப்படவில்லை'. அது பொய்யல்ல. பார்த்தபோது காணப்படவில்லைதான். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கும் பெண் அதை 'இல்லை' என்றுதான் படிக்கிறாள்.

அப்படி நான்கு தாள் வாங்கியவர் கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நீலசந்திராவுக்கு வந்தவர். முதல் ரிப்போர்ட்டுக்குப் பிறகு சூட்டு உடம்பு என்று கோழிக்கறியையும் மாம்பழத்தையும் நிறுத்தினார். இரண்டாவதுக்குப் பிறகு வெந்தயம், இளநீர். மூன்றாவதுக்குப் பிறகு மாமியார், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் காரணம் என்று தீர்ப்பளித்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சைக் களிம்பை இரண்டு குழாய் தீர்த்தார். நான்காவது தாளைப் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வியை அக்கா மறக்கவில்லை: "அப்போ எனக்கு மனசுலதான் வியாதியா அக்கா?"

கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று முறையிடுவதற்கும் கிருமித் தொற்றுக்கும் உள்ள தொடர்பைவிட, அதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருந்தது. உடம்பு இளைத்துப் போவதையும் மனசு ஓய்ந்து போவதையும் சொல்ல நம் பெண்களுக்குக் கிடைத்த சொல் இது. மலையாளத்தில் இதற்கு 'அஸ்தி உருக்கம்' என்று பெயர், எலும்பே உருகி வழிகிறதாம். கன்னடத்தில் 'பிளி முட்டு', அதாவது வெள்ளை மாதவிலக்கு. விவேக் நகர்த் தமிழ்ப் பெண் கன்னட டாக்டரிடம் இதைச் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் இரண்டு மொழியும் கைவிட்டுவிடும். "அதுதான் டாக்டர், அது" என்பதோடு நின்றுபோகும். கேட்கும் டாக்டர் ஆணாக இருந்தால் அதுவும் வராது.

ஆனால் மனச்சோர்வு இருப்பதால் கிருமி இல்லை என்றாகிவிடாது. மைசூர் சுற்றுவட்டாரத்தில் 2005-06-இல் 15 முதல் 30 வயதுப் பெண்களைப் பரிசோதித்தபோது 8.5 சதவீதம் பேருக்கு டிரைக்கோமோனாஸ் இருந்தது. வேலூர் சி.எம்.சி.யினர் கிராமத்து இளம் மனைவியர் 451 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு உபாதையைச் சொன்னார்கள். 38 சதவீதத்தினருக்கு ஆய்வகச் சோதனையிலேயே தொற்று உறுதியானது. உபாதை இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. ஏன்? அருகில் பெண் மருத்துவர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு. கடைசிக் காரணம்தான் நெஞ்சைத் தைப்பது: இது எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்ற எண்ணம். 1989-இல் ராணி பங் கட்சிரோலியின் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருப்பதாக 'லான்செட்' இதழில் எழுதியபோது இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அவர்களில் அதற்கு முன் ஒருமுறையாவது அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாததல்ல. மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறை வந்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறையின் நிறம் போட்ட பொட்டலங்களில் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. ஒட்டுண்ணிக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒன்று. எதுவும் கிடைக்காததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் டிரைக்கோமோனாஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே பெரிதாக இருப்பதில்லை. அறிகுறி இல்லாதவருக்குப் பச்சைப் பொட்டலம் எப்படிப் போய்ச் சேரும்? கர்ப்பத்தில் இது குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பையும் கூட்டுகிறது. சும்மா இருக்கும் விருந்தாளி அல்ல.

தையல்காரப் பெண்ணை அக்கா கடைசியில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். காலை ஏழரைக்கே போய் முதல் டோக்கன் வாங்கு, மகளிர் பிரிவை ஒட்டியே லேப் இருக்கிறது, எடுத்ததும் பார்க்கச் சொல்லு என்று சொல்லி அனுப்பினார். பார்த்தார்கள். துடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். பெண்ணுக்கு மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏழு நாள். கணவனும் மருந்து சாப்பிட வேண்டும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. தெரியாமலே சுமப்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். "எனக்கென்ன கேடு, நான் ஏன் திங்கணும்?" என்பது முதல் வாக்கியம். இரண்டாவது இன்னும் மோசமானது: "உனக்கு எவன்கிட்ட வந்துச்சு?" இந்த இரண்டாவது கேள்விக்கு எந்த ரிப்போர்ட்டும் பதில் சொல்லாது. பெண்ணின் உடம்பில் இந்தக் கிருமி மாதக்கணக்கில், சமயங்களில் வருஷக்கணக்கில், சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. எப்போது வந்தது, யார் யாருக்குக் கொடுத்தது என்பதை மைக்ராஸ்கோப் காட்டாது. டாக்டர்கள் இதைக் கணவனையும் உட்காரவைத்துச் சொன்னால் எத்தனையோ அடி மிச்சமாகும்.

பழி தவறான இடத்தில் விழுவது இங்கே மட்டும் நடப்பதல்ல. ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைகளில் துணி துவைக்கும் பெண்களுக்கு நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியே உடம்புக்குள் நுழைந்து, அதன் முட்டைகள் கர்ப்பப்பை வாயில் தங்கிப் புண்ணாக்குகின்றன. சுமார் 5.6 கோடிப் பெண்களுக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ரத்தமும் வெள்ளையும் பார்த்ததும் பால்வினை நோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பெண்ணின் நடத்தை விசாரிக்கப்படுகிறது. இந்தியாவில் இந்த வகைப் புழு 1952-இல் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்தில் பதிவானது. நல்லவேளையாக அது பெரிய அளவில் பரவவில்லை. கிராமத்துக் குளத்தையே காரணமாக நினைக்கும் நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை: டிரைக்கோமோனாஸ் பரவுவது ஏறக்குறைய எப்போதும் உடலுறவில்தான்.

துடிப்பைத் துரத்தாத சோதனைகள் வந்துவிட்டன. மரபணுவைத் தேடும் சோதனைக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் பெட்டியில் செத்துப் போனாலும் அகப்படும். பெண் திரைக்குப் பின்னால் தானே குச்சியில் எடுத்துக் கொடுத்தாலும் போதும். கால்மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டைகளும் உண்டு. பெங்களூரில் உருவான ட்ரூநாட் என்ற மரபணுக் கருவி காசநோய்க்காகச் சின்னச் சின்ன அரசு சுகாதார நிலையங்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இருமலுக்குக் கிடைத்த அந்த அக்கறை இதற்குக் கிடைக்கவில்லை. தனியார் ஆய்வகப் பட்டியலில் மரபணுச் சோதனை இருக்கிறது. விலை தையல்காரரின் பல நாள் கூலி.

அவர் விஷயத்தில் வழி வேறு விதமாகப் பிறந்தது. மெட்ரோனிடசோல் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் மாத்திரை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கணவரை மருத்துவமனையில் கவுன்சலர் ஒருவர் கூப்பிட்டு, இது யாரையும் விசாரிக்கிற வியாதி இல்லை, வயிற்றுப் பூச்சி மாதிரி ஒரு பூச்சிதான் என்று விளக்கியிருக்கிறார். ஆண்களுக்கு ஒரே வேளை, 2 கிராம். அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வைத்தார்களாம். நாக்கில் இரும்பு ருசி என்று இரண்டு நாள் மனைவியைத் திட்டியதோடு சரி. குணமான பெண்களுக்கும் மூன்று மாதத்துக்குள் மறுபடி சோதனை செய்ய வேண்டும், திரும்பத் தொற்றுவது அவ்வளவு சகஜம். அந்தத் தேதியை அக்கா ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஃபேக்டரியில் லீவு தரவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, காலை ஏழரை மணி டோக்கனுக்கு அவர் மறுபடியும் போனார்.