செரியாத இழை

திருச்செந்தூருக்கும் ஆத்தூருக்கும் இடையிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், எண்பதுகளில் கட்டிய சாண எரிவாயுக் கலன் ஒன்று இருந்தது. ‘கோபர் கேஸ்’ என்றால்தான் ஊரில் புரியும். மாட்டின் இன்னொரு வயிறு என்பாள் ஆச்சி. உவமை என்றே நினைத்திருந்தோம். மாட்டின் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் உறவினரே அந்தக் கலனிலும் வேலை செய்கின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. காற்றில்லாத இருளில் ஒரு கூட்டம் கழிவைக் கரைக்கும், மற்றொன்று அமிலமாக்கும், இன்னொன்று அதை அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாகச் சுருக்கும், கடைசிப் பந்தியில் அமர்பவை மீத்தேனைத் தரும். முதற்பந்தி தடுமாறினால் கடைசிப் பந்திக்கு இலை காலி.

இதெல்லாம் நினைவுக்கு வந்தது அத்தானால். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு லாரிக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கொடிக்காலுக்குப் போடலாமா மாப்பிள்ளே? செரிச்சு வந்த உரந்தானே?”

தமிழிலக்கியம் நடத்துகிறவர்களிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. வேதியியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு ஆய்வுக்கட்டுரைகள் சிலவற்றைப் படித்தோம்.

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். 2004இல் ரிச்சர்ட் தாம்ஸன் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவிய சொல். பாலியஸ்டர்த் துணி ஒவ்வொரு துவைப்பிலும் உதிர்க்கும் இழையும் இதில் அடக்கம். கந்தசஷ்டிக்குக் கடலாட வரும் கூட்டம் தங்குமிடங்களில் அலசிப் பிழியும் துணிகளில் பருத்தி எத்தனை இருக்கும்? நன்றாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் இத்தகைய துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நீரிலிருந்து பிரித்துவிடும். பிரித்தவை அழிவதில்லை. கசடில் தங்குகின்றன. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் மின்சாரத்துக்கான வாயுவைத் தந்தது இப்படிப்பட்ட கசடுதான்.

2019இல் வெளியான ஆய்வொன்று எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உலர்கசடு ஒரு கிராமுக்குப் பி.வி.சி. துகள் பத்து இருந்தபோது மீத்தேன் சுமார் 6 விழுக்காடு கூடியிருக்கிறது. இருபதில் குறையத் தொடங்கி, அறுபதில் வழக்கமான அளவில் ஏறக்குறைய முக்கால் பங்காயிற்று. துகளிலிருந்து கசிந்த பிஸ்பீனால்-ஏ முதற்பந்திக்காரர்களை முடக்கியதே காரணம் என்கிறார்கள். நைலான் வகையொன்றோ தன்னிடமிருந்து கசிந்த பொருளால் வாயுவைக் கூட்டியே விட்டதாம். கலன் நன்றாக எரிகிறதே என்று மகிழ்ந்திருக்கும் வேளையிலும் உள்ளே பிளாஸ்டிக் இருக்கலாம் என்பதுதான் எங்களுக்கு உறுத்தியது. இவை ஆய்வகத்தில் அளந்து போட்ட துகள்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ச் சாக்கடையில் எல்லாம் கலந்தே வரும்.

அத்தானின் கேள்விக்கு விடை வேறோரிடத்தில் கிடைத்தது. செரிமானத்தில் கசடின் மக்கும் பகுதி வாயுவாகிப் போகிறது. இழை அப்படியே கிடக்கிறது. ஆகவே கலனுக்குள் போனபோது இருந்ததைவிட, வெளியே வரும் ஒவ்வொரு கிலோ உலர்கசடிலும் இழை கூடுதல். ‘செரிச்சு வந்த உரம்’ என்ற அவருடைய நம்பிக்கை இந்த ஒரு பொருளில் தலைகீழாகிறது.

ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பச்சையாக மெல்லும் இலை அது. வேண்டாம் என்றோம்.

“வாழைக்கு?” என்றார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. “சாணம் ஒரு டிராக்டர் என்ன விலை தெரியுமா? வேண்டாம்னு சொல்லது சுளுவு.”

நியாயந்தான். இந்த வருடத்துச் சாணத்துக்குப் பாதிப் பணம் நாங்கள் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வருடத்தைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை.