உப்பளத்தில் படிகம் வேண்டும்... பேட்டரியில் வேண்டாம்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாக உப்புநீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். ரீசார்ஜ் பேட்டரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது!

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிட, மிஞ்சும் கரைசல் கெட்டியாகி, ஒரு கட்டத்தில் சோடியம் குளோரைடு படிகமாக இறங்குகிறது. அதை வாரிக் குவிப்பதுதான் உப்பளத் தொழில்.

பாலிமர் மின்பகுபொருளைத் தயாரிக்கும் முறையும் கிட்டத்தட்ட இதேதான். பாலிமரையும் ஒரு உப்பையும் கரைப்பானில் கரைத்து, தட்டில் ஊற்றி உலர விடுவார்கள். கரைப்பான் ஆவியானதும் தட்டில் மெல்லிய படலம் ஒன்று மிஞ்சும். பேட்டரியின் இரு மின்முனைகளுக்கு நடுவே அயனிகள் போய்வர அதுதான் பாதை. சாதாரண லித்தியம் பேட்டரியில் அந்த வேலையைச் செய்வது எளிதில் தீப்பிடிக்கும் கரிமத் திரவம். அதற்குப் பதில் ஒழுகாத ஒரு படலம் கிடைத்தால் நல்லதுதானே?

1973ல் பிரிட்டனில் ஃபென்டன், பார்க்கர், ரைட் ஆகியோர் பாலி எத்திலீன் ஆக்ஸைடு என்ற பாலிமரில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் கரைவதைக் காட்டினார்கள். 1978ல் மிஷேல் அர்மாண்ட் இதை பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்றார். சிக்கல் அதன் பிறகுதான்! பாலிமர்ச் சங்கிலிகள் அசைந்தால்தான் அயனி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ முடியும். இந்தப் பாலிமரோ அறை வெப்பநிலையில் பாதிக்கு மேல் படிகமாக அடுக்கிக்கொண்டு விறைத்துவிடுகிறது. 65 டிகிரி அளவுக்குச் சூடேறிப் படிகம் உருகினால்தான் அயனிகள் நன்றாக ஓடும். 2011ல் பாரிஸில் வந்த ஆட்டோலிப் வாடகைக் கார்களின் பாலிமர் பேட்டரியையும் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, உப்பளத்தில் எதற்காகக் காத்திருக்கிறார்களோ, அதே படிகம்தான் இங்கே எதிரி.

இதற்கு ஒரு வழி கலப்பு. இன்னொரு பாலிமரைச் சேர்த்தால் சங்கிலிகளால் ஒழுங்காக அடுக்க முடியாது. கலப்புக்கு வேறொரு பயனும் உண்டு. தோசை மாவில் அரிசிக்கு ஒரு வேலை, உளுந்துக்கு ஒரு வேலை இருக்கிற மாதிரி, பாலிமர்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். 2000ஆம் ஆண்டுவாக்கில் காரைக்குடியில் இதில் நிறைய வேலை நடந்தது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜேந்திரன் குழுவும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. மானுவேல் ஸ்டீபன் குழுவும் பி.வி.சி.யையும் பி.எம்.எம்.ஏ.வையும் லித்தியம் உப்போடு கலந்து பார்த்தார்கள். ஆமாம், தண்ணீர்க் குழாய் பி.வி.சி.யும் அக்ரிலிக் பலகையும்தான்! பி.வி.சி. படலத்துக்கு உறுதி தரும். பி.எம்.எம்.ஏ. இளக்கித் திரவத்தைப் பிடித்து வைத்து அயனிக்கு வழிவிடும். பி.வி.சி.யைக் கூட்டினால் படலம் கிழியாது, ஆனால் கடத்துதிறன் இறங்கும். குறைத்தால் கடத்தும், ஆனால் கையில் எடுக்கவே வராது. எந்த விகிதம் சரி என்பதுதான் அவர்கள் தேடியது.

இன்று உலகம் லித்தியத்தோடு சோடியம் பக்கமும் திரும்பியிருக்கிறது. அப்படியானால் மரக்காணம் உப்பை நேராகப் படலத்தில் போடலாமா? முடியாது. சின்ன குளோரைடு அயனி சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெர்குளோரேட் மாதிரிப் பெரிய அயனி ஜோடியாக இருந்தால்தான் அது சோடியத்தைத் தளர விடும். அந்த உப்புகளைத் தொழிற்சாலையில்தான் தயாரிக்க வேண்டும். ஆனால் சோடியத்துக்கு மூலம் கடைசியில் சாதாரண உப்புதான்.

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் வருகிறது. சோடியம் மலிவு, எங்கும் கிடைக்கும் என்பதுதான் இந்த பேட்டரிகளுக்குச் சொல்லப்படும் பெரிய பெருமை. அந்த மலிவுக்குள் வெயிலில் உப்பு வாருகிறவர்களின் குறைந்த கூலியும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கி, மாதக்கணக்கில் அந்தக் கூலியும் இல்லை. சோடியம் பேட்டரி நாளைக்கே ஜெயித்தாலும் உப்பின் விலை ஏறப்போவதில்லை. ஏறாது என்பதை நம்பித்தான் அந்த பேட்டரியே செய்கிறார்கள். விலை மலிவு என்று சொல்லும்போது யாருடைய உழைப்பு மலிவு என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.