கூட்டுக்குள் இருக்கும் முகங்கள்

ஊத்துக்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

இங்கிலாந்தின் கில்பெக் தேவாலயப் படங்களை நீ காட்டிய நாளிலிருந்து, எந்தக் கோயிலுக்குப் போனாலும் அண்ணாந்துதான் நடக்கிறேன். 1140 வாக்கில் கட்டிய அந்தச் சின்னக் கோயிலின் கூரையடியில் எண்பதுக்கும் மேற்பட்ட கல் உருவங்கள். நாயும் முயலும் ஒட்டிக்கொண்டு எட்டிப்பார்க்கிற அந்த ஒன்றை மறக்கவே முடியவில்லை. நம் பக்கம் இப்படி உண்டா என்று கேட்டாயே, உண்டு.

செங்குன்றம், பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். ஆரணியாற்றங்கரை ஊர். டீக்கடைப் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து வருகின்றன. மாநில எல்லை தாண்டினால் சுருட்டப்பள்ளி. அங்குள்ள கோயிலில், ஆலகால நஞ்சை உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலைவைத்துச் சிவன் படுத்திருக்கிறார். கூட்டம் அங்கேதான்.

நான் தேடியது கிடைத்தது இன்று காலை, வயல் நடுவே ஒரு சின்னச் சிவன் கோயிலில். சுவருக்கு மேல் வளைந்து இறங்கும் கொடுங்கையில் வரிசையாகக் கூடுகள், குதிரை லாட வடிவில். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தலை. ஏணி கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவு முகம். காதில் குண்டலம், மோவாய் உடைந்திருக்கிறது, ஒரு கண்ணில் சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருக்கிறது. ஆனாலும் உதட்டோரத்துச் சிரிப்பு போகவில்லை. "கந்தர்வருங்க" என்றார் குருக்கள். பெயர் கிடையாது, பூஜை கிடையாது.

இந்த முகங்கள் மாமல்லபுரத்து ரதங்களிலேயே, 7-ஆம் நூற்றாண்டிலேயே, வந்துவிட்டன. கில்பெக்குக்கு ஏறக்குறைய 500 வருஷம் மூத்தவை! கூட்டின் உச்சியைப் பார்த்தே காலம் சொல்லலாம் என்று காட்டியவர் புதுச்சேரியில் இருந்த ஆய்வாளர் ழூவோ துப்ரேய். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி அலகுபோலத் தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் ஏறிக்கொண்டது.

அந்தச் சிங்கமுகத்தின் உறவுதான் கீர்த்திமுகம். ராகுவை விழுங்கச் சிவனின் கோபத்திலிருந்து பிறந்த பூதம் அது. ராகு சரணடைந்துவிட, பசி தாளாமல் நின்றது. உன்னையே தின்றுகொள் என்றார் சிவன். கை, கால், உடம்பு எல்லாம் தின்று முகம் மட்டும் மிஞ்சியது. என் வாசலில் நீ இரு என்று வரம் தந்தார். நஞ்சை விழுங்கியவர் படுத்திருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இந்தக் கதையை நினைத்தபோது மனம் கனத்தது. திரும்பும் வழியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால் கோரைப்பல் திருஷ்டி பொம்மை தொங்கியது. அதுவும் இதே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்தக் கொடுங்கையின் தெற்குப் பக்கம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக எனாமல் பெயின்ட். அங்கே மூக்கும் இல்லை, சிரிப்பும் இல்லை, வெறும் உருண்டைகள். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்த கோயில்களில் இதைவிட மோசம்; கல்லின் மேல்தோலே போய்விடுகிறது. உளி பட்ட நுணுக்கம் இருப்பதே அந்தத் தோலில்தான்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். பெயின்ட் டப்பா வந்து இறங்குவதற்குள் கமிட்டிக்காரர்களைப் போய்ப் பார். கொடுங்கைக் கல்லை அப்படியே விடச் சொல். தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். அதற்கு முன் ஒருநாள் காலை வெயிலில் ஒவ்வொரு கூட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள். எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி