மன்றத்துக் கரும்பலகை

2023 டிசம்பர் 4, திங்கள்
நேற்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. புயலுக்குப் பேர் மிக்ஜாமாம். கரண்ட் காலையிலேயே போய்விட்டது. மன்றத்துக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சின்ன கேரம் போர்டுகளை பீரோ மேல் ஏற்றிவிட்டோம், பெரியது மாட்டிக்கொண்டது. ஐஸ் பேக்டரிக்குப் போகும் தம்பி போனில்: "அக்கா, சத்தியமூர்த்தி நகர்ல ஜனம் மாடி மேல நிக்குதுக்கா. சோறு எதுனா பாக்கணும்."

டிசம்பர் 5, செவ்வாய்
மழை விட்டது, தண்ணீர் விடவில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஒருவர் அண்டாவும் அடுப்பும் தந்தார். எலுமிச்சை சாதம். ஒரு வருஷமாக மன்றத்துப் பக்கமே தலைகாட்டாத பையன்களெல்லாம் வந்து பொட்டலம் கட்டினார்கள். பால் பாக்கெட் எங்கேயும் கிடைக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் பால்பவுடர் கேட்டார்கள்.

எர்ணாவூர் பக்கம் போன பையன்கள் சாயங்காலம் முட்டி வரை கறுப்பாகத் திரும்பினார்கள். சேறு என்று சோப்புப் போட்டால் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் வழித்தபோதுதான் நாற்றம் தெரிந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து ஆலை எண்ணெயும் சேர்ந்து வந்திருக்கிறது.

டிசம்பர் 10, ஞாயிறு
பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கிய எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவிவிட்டது. மீனவர்கள் படகில் நின்று கையால் அள்ளி டிரம்மில் ஊற்றுகிறார்கள். வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாம் தார் பூசியதுபோல. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன்.

மன்றத் தலைவர் அண்ணன் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் அள்ளலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோதும் இப்படித்தான். கல்லூரிப் பிள்ளைகள் பக்கெட்டில் அள்ளினார்கள், போட்டோ எடுத்துப் பாராட்டினார்கள். அது தொண்டு இல்லை. கொட்டியவன் செலவு செய்து, முகமூடியும் கையுறையும் கொடுத்து ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலை. "நீ எப்பவும் இப்படித்தாம்மா பேசுவ" என்றார் அண்ணன். ஆனால் பையன்களை அனுப்பவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்
நேற்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். நாளை அரையாண்டுத் தேர்வு. கொட்டகையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு, இன்று மாலை வகுப்பு வைத்தோம். பெஞ்சு கொள்ளாத பிள்ளைகள். பாதிப் பேரின் நோட்டு ஊறி, மை கலங்கி, தாள் அப்பளம் மாதிரி விறைத்திருக்கிறது. பத்தாவது படிக்கும் ஒரு பெண் கணக்கு நோட்டைத் தாள் தாளாகப் பிரித்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். முக்கோணவியல் பாடத்தில் படம் மட்டும் மிச்சம்.

சொல்லித்தர நான் ஒருத்திதான். போன வாரம் பொட்டலம் கட்டிய கைகளில் டிப்ளமோ முடித்தவர்கள் எத்தனை பேர்! யாரையும் காணோம். எனக்குத் தமிழும் சமூக அறிவியலும் வரும். சைன், காஸ் என்றால் கைடைப் பார்த்து ஒப்பேற்றுகிறேன். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

டிசம்பர் 23, சனி
வைகுண்ட ஏகாதசி. கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலில் விடியற்காலையிலிருந்து வரிசை. கவர்னர் கோலெட் 1717-20 வாக்கில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலத்துக் கோவில் இது. மன்றத்துப் பையன்கள் கயிறு கட்டி வரிசை பார்த்தார்கள், பாட்டிகளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்கள். இதில் குறையே சொல்ல முடியாது. கூட்டம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர்.

டிசம்பர் 27, புதன்
தூக்கமில்லை. நேற்று நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. கப்பலிலிருந்து உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். சுனாமி நாள் வேறு. ஒரு மணிக்கெல்லாம் நம் பையன்கள் இரண்டு ஷேர் ஆட்டோவோடு போய் ஆட்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையில் ஊர் மொத்தமும் ஆலையை மூடச் சொல்லி உட்கார்ந்துவிட்டது.

டிசம்பர் 28, வியாழன்
விஜயகாந்த் போய்விட்டார். கடைகளில் காலையிலிருந்து அவர் பாட்டுத்தான். பையன்கள் கோயம்பேட்டுக்குப் போய்விட்டார்கள். நாளை உடலைத் தீவுத்திடலில் வைக்கிறார்களாம்.

'கேப்டன் பிரபாகரன்' வந்த 1991-இல் அவர் ரசிகர் மன்றமாக ஆரம்பித்ததுதான் எங்கள் மன்றம். பால் அபிஷேகத்துக்கு வசூலித்த காசில் மிச்சம் பிடித்து நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள், பிறகு மாலை வகுப்பு. 2005-இல் அவர் கட்சி ஆரம்பித்ததும் சிலர் கொடியோடு போனார்கள். மற்றவர்கள் போர்டில் பேரை அழித்துவிட்டு வகுப்பை விடாமல் நடத்தினார்கள். படப்பிடிப்பில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போட்டவர் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். தலைவர் அண்ணன் அழுததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வகுப்பு இல்லை.

டிசம்பர் 30, சனி
கணக்குப் பார்த்தோம். பெரிய கேரம் போர்டின் பிளைவுட் உப்பிவிட்டது, ஸ்டிரைக்கர் நடுவில் தட்டி நிற்கிறது. புது போர்டு வாங்க எல்லாரும் கை தூக்கினார்கள். கேரமில் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயத்தின் ஊர் இது, நானும்தான் தூக்கினேன். அடுத்து கணக்கு வகுப்பைக் கேட்டேன். ஷிப்ட் என்றான் ஒருவன், கல்யாணம் என்றான் இன்னொருவன். வெள்ளத்துக்கு வந்த பிள்ளைகளைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனாலும் புயல் வருஷத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை வாராவாரம் வருகிறது. தலைவர் அண்ணனிடமே அப்படிச் சொல்லிவிட்டேன்.

"சரி, போர்டுல எழுதிப் போடு" என்றார். எழுதிவிட்டேன்:

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26-இல் தொடங்குகிறது. கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆள் தேவை. செவ்வாய், வியாழன் மாலை 6.30 முதல் 8 மணி வரை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. ஒரு நாள் வந்து நின்றுவிடுபவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.