தேய்க்காத விரல்

பென்சிலில் முகம் வரையப் பழகிய நாள்களில், நிழல் என்றாலே விரலால் தேய்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய தாளில் அது எடுபட்டது. ஒருமுறை அம்மாவின் முகத்தை இரண்டு அங்குல உயரத்தில் வரைந்து, வழக்கம்போலக் கன்னத்தைத் தேய்த்தேன். மூக்கின் ஓரமும் கீழிமையும் சேர்ந்தே கலைந்து, முகம் சாம்பல் பூச்சாகிப்போனது. அதன் பிறகுதான் பழைய பிளம்பேகோ ஓவியங்களை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன்.

பிளம்பேகோ என்பது கிராஃபைட்டின் பழைய பெயர். லத்தீனில் பிளம்பம் என்றால் ஈயம். அதை ஈயத்தின் ஒரு வகை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். தமிழிலும் அதற்குக் காரீயம் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அது உண்மையில் கரியின் ஒரு வடிவம் என்று வேதியியலாளர் ஷீலே காட்டியது 1779இல். இங்கிலாந்தின் பாரோடேலில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட், அறுத்துச் சீவி அப்படியே வரையும் அளவுக்குத் தூய்மையாக இருந்தது.

17ஆம் நூற்றாண்டில், செப்புத் தகட்டில் உருவம் செதுக்குகிறவர்கள் தகட்டைத் தொடும் முன் மாதிரிக்காக முகத்தைக் கிராஃபைட்டில் வரைந்துகொண்டார்கள். வரைந்தது பெரும்பாலும் பதப்படுத்திய கன்றுத்தோலில். டான்ஸிக்கில் பிறந்து இங்கிலாந்தில் பேரெடுத்த டேவிட் லோகனும், அவரிடம் பயின்ற ராபர்ட் வைட்டும் அந்த வழியில் வந்தவர்கள். மாதிரியாகத் தொடங்கியது, போகப்போகச் சட்டமிட்டு வைத்துக்கொள்ளும் ஓவியமாகவே ஆனது. அந்த நூற்றாண்டின் முடிவில் தாமஸ் ஃபார்ஸ்டர் வரைந்த நீள்வட்ட உருவங்கள் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்.

செப்பில் உளி கீறிய கோட்டை விரலால் மென்மையாக்க முடியாது. இருள் வேண்டுமானால் கோடுகளை நெருக்கவேண்டும். ஒளி வேண்டுமானால் விலக்கவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டில் பழகிய கை கிராஃபைட்டுக்கு வந்ததால்தான் இந்தச் சின்ன முகங்கள் இவ்வளவு தெளிவாக நிற்கின்றன என்பது என் எண்ணம். பொய்முடிச் சுருள்களைக் கோடு கோடாக இழுத்திருப்பார்கள். வளைவின் மேட்டில் கோடு நின்றுவிடும். அங்கே கன்றுத்தோலின் வெளிர்நிறமே பளபளப்பாகிவிடும். முகத்துக்கு வந்ததும் கோடுகள் மயிரிழையாக மெலிந்துவிடும்.

இப்போது நான் விரலால் தேய்ப்பதில்லை. பென்சிலை ஊசிபோலச் சீவி, கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்து, 2ஹெச்சில் மூச்சை அடக்கிக் கோடிடுகிறேன். ஒரு கன்னத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது. எங்கே வேண்டும் என்று தீர்மானிக்காமல் ஒரு கோட்டைக்கூடப் போடமுடியாது. அப்படித் தீர்மானிக்கும்போதுதான் முகத்தையே பார்க்கிறோம்.

அம்மாவின் முகத்தை மறுபடி வரைந்தேன். கீழிமைக்கு ஐந்து சிறு கோடுகள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தாளை வெறுமையாக விட்டேன். அவர் கண்ணில் எப்போதும் தெரியும் ஈரம் அந்த இடத்தில் வந்து நின்றது.