சொற்கள் சேருமிடம்

நெடுஞ்சொல் ஒன்றை எங்கே பிரிப்பது என்றறிதல் வாசிப்பின் பாதி என்று மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். அது தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதை அண்மையில் டேனிய மொழி எனக்கு உணர்த்திற்று.

1983இன் பின் டென்மார்க்கிற் குடியேறிய பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் மகளோடு வந்திருந்தார். அவள் தமிழை இடமறியாது முறித்து வாசித்தாள். "டேனிய மொழிதான் இவள் தமிழைக் கெடுத்துவிட்டது, சேர்" என்று தந்தை வருந்தினார். அக்கவலை மெய்யோ என்றறிய, அம்மொழிச் சொற்கள் சிலவற்றைச் சொல்லுமாறு பிள்ளையைக் கேட்டேன்.

டேனியர் கூட்டுச்சொற்களை இடைவெளியின்றி ஒன்றாக எழுதுவர். 'ஸ்டோர்' என்றால் பெரிய. 'மன்' என்றால் மனிதன். தனித்தனியே நின்று இரண்டும் அழுத்தம் பெற்றால், உருவிற் பெரிய மனிதன். ஒன்றாய்ச் சேர்ந்து முதற்பகுதி வலிந்தும் அடுத்தது மெலிந்தும் ஒலித்தால், செல்வாக்கு மிக்க பிரபு. பிறந்தநாளைக் குறிக்கும் சொல்லிலோ பிறப்புக்கும் நாளுக்கும் இடையே ஸகர ஒலியொன்று, நம் சாரியை போல, வந்து நிற்கும். வரியிறுதியில் அச்சொல்லைச் சேருமிடத்தில் முறித்தால் அவ்வொலி முதற்பகுதியோடே தங்கும். விலக்கும் உண்டு: வணிகர் துறைமுகம் எனப் பொருள்படும் தம் தலைநகர்ப் பெயரில், டேனியர் இறுதிப்பகுதியையே அழுத்துவர்.

இவற்றைக் கேட்டபோது தொல்காப்பியப் புணரியல் நினைவுக்கு வந்தது. எழுத்து ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபடுந் தொடர்களை இசையே பிரித்துக் காட்டும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்பதனைச் செம்பு ஒன்பதின் தொடி என்றும், செம்பொன் பதின் தொடி என்றும் பிரிக்கலாம். நிறுத்துமிடம் மாறின் செம்பு பொன்னாகிவிடும்!

பிள்ளையிடம் 'கூட்டுறவுச்சங்கக்கடை' என்று எழுதிக் கொடுத்து, "டேனியச் சொல்லிற் போல இதிலும் சேருமிடத்தைத் தேடு, பிள்ளை" என்றேன். மிகுந்து நிற்கும் 'ச்', 'க்' இரண்டையும் அவளே சுட்டிக் காட்டினாள். பின் தட்டின்றி வாசித்தாள். அங்கே அழுத்தம் செய்யும் பணியை இங்கே மிகுந்த வல்லெழுத்துச் செய்கிறதென்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆதலின், கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். அயல்மொழி உங்கள் பிள்ளைகளின் தமிழுக்குப் பகையன்று. அங்கே பழகிய செவி தமிழுக்கும் உதவும். தமிழைக் கற்பிக்காது விடுதலே பகை. நாள்தோறும் கால்மணி நேரமேனும் அவர்களை அருகிருத்தித் தமிழை உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.